ஒப்படைத்த பிறகு

நான் அந்த வீட்டில் குடியிருந்த மூன்று ஆண்டுகளில் என் வீட்டுக்காரர் தம்முடைய சொந்த மொட்டை மாடிக்கு இரண்டு முறைதான் வந்தார். இரண்டு முறையும் நான் கூப்பிட்டுத்தான் வந்தார்.

வீடு செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. கீழே அவரும் அவர் மனைவியும், மேலே நான். அப்போது நான் ஒரு நாளிதழின் திருவண்ணாமலை நிருபர். அவர் பணி ஓய்வு பெற்றவர். நாட்டின் பெரும்பாலான விமான நிலையங்களைக் கையில் வைத்திருக்கும் மத்திய அரசு ஆணையத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் சிவில் பிரிவில் வேலை பார்த்திருந்தார். ஓடுபாதை, வடிகால், சுற்றுச்சுவர் இவைதான் அவர் தொழில். பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். அவர் பெயரை அந்தச் சந்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏர்போர்ட்டார் என்றால்தான் தெரியும்.

வீடு பிடித்துப்போய் முன்பணம் தர வந்த அன்று அவர் சாவியைத் தரவில்லை.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க சார். வெளிச்சத்துல ரெண்டு பேரும் சேந்து பாத்துடலாம்."

ஏழு மணிக்குப் போனேன். கையில் அட்டை வைத்து இரண்டு பிரதிகளோடு தயாராக நின்றார். அறை அறையாக நடந்தோம். கூடத்துச் சுவரில் ஆணி ஓட்டை பதினொன்று. அவர் எண்ணிச் சொல்ல, நான் எண்ணிச் சரி என்றேன். சமையலறைக் குழாய் சொட்டியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று, 'நிமிடத்துக்கு நான்கு சொட்டு' என்று எழுதினார். அதைச் சரிசெய்து தரலாமே என்று கேட்டேன். "செஞ்சுடலாம் சார். இன்னிக்கு இருக்கற நிலைய மொதல்ல எழுதிடுவோம்" என்றார். இருவரும் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. குழாயை அன்று மாலையே ஆள் வைத்து மாற்றிவிட்டார். மாற்றியதற்குத் தனியாக ஒரு தாள் வந்தது.

இரண்டு சாவிகளையும் என்னிடமே கொடுத்தார். ஒன்றை அவரே வைத்துக்கொள்ளட்டும், என்னுடையது தொலைந்தால் உதவும் என்றேன்.

"வேணாம் சார். வீடு என்னுது. பொறுப்பு உங்களுது. பொறுப்பு இல்லாதவன் கையில சாவி எதுக்கு?"

மாடிப்படியின் கீழே ஓர் அழைப்புமணி வைத்திருந்தார். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அதை அழுத்திவிட்டு முதல் படிக்குக் கீழே நிற்பார். நான் இறங்கி வர வேண்டும். அவர் மனைவிக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. மிளகாய் காயவைக்க முறத்தோடு நேரே மேலே வந்துவிடுவார். கீழேயிருந்து இவர் குரல் கேட்கும்.

"சாரைக் கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன்."

கேட்டிருக்க மாட்டார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். "முப்பது வருசம் இந்த மனுசனோட ஊர் ஊரா சுத்துனேன் சார். ஒவ்வொரு குவாட்டர்ஸ் காலி பண்ணும்போதும் தொடப்பக்கட்டைய கூட எழுதிக் குடுத்துட்டுத்தான் வருவாரு."

மாடியிலிருந்து மலையின் தென்புறம் முழுதாகத் தெரியும். முதல் ஆண்டு கார்த்திகை தீபத்தன்று செய்தி வேலையை முடித்துக்கொண்டு ஐந்தரை மணிக்கு வீடு திரும்பினேன். அவர் சந்து முனையில், கூட்டத்துக்கு நடுவே, ஒரு மின்கம்பத்துக்கும் ஒரு கரும்பு வண்டிக்கும் இடையில் எக்கி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது அடி தள்ளி அவருடைய மாடி காலியாகக் கிடந்தது.

"மேல வாங்க சார்" என்றேன்.

"கூப்பிடறீங்களா?"

"கூப்பிடறேன்."

வீட்டுக்குள் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, ஒரு தட்டில் பொரி உருண்டை எடுத்துக்கொண்டு, மனைவியோடு வந்தார். படி ஏறும்முன் செருப்பைக் கழற்றினார். தீபம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கால் மணி நேரத்தில், "அப்ப வரட்டுங்களா?" என்று விடைபெற்றுக்கொண்டு இறங்கிப்போனார். தாம் கட்டிய கைப்பிடிச் சுவரில் ஒரு முறைகூடக் கை வைக்கவில்லை. அடுத்த ஆண்டும் கூப்பிட்டேன், வந்தார். மூன்றாம் ஆண்டு நான் வெளியூரில் இருந்தேன். அவர் மின்கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்ததாக அவர் மனைவி சொன்னார்.

விமான நிலையங்கள் தனியார் கைக்குப் போவதைப் பற்றி நாடெங்கும் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. எங்கள் நாளிதழிலும் செய்திகள் வந்தன. அப்படி வந்த ஒன்றின் தலைப்பில் 'விற்பனை' என்ற சொல் இருந்தது. அன்று காலை டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே ஆரம்பித்து வைத்தார்.

"இன்னா ஏர்போர்ட்டாரே, உங்க ஏர்போர்ட்டையெல்லாம் வித்துட்டாங்களாமே?"

"விக்கல. குத்தகை."

"அதான் வித்தாச்சு."

"எப்படிங்க? நெலம் ஆணையத்துதுதான். அம்பது வருசத்துக்கு நடத்திக்கன்னு குடுக்கறாங்க. ஏறி எறங்கற ஒவ்வொரு ஆளுக்கும் இவ்ளோன்னு கம்பெனி இவங்களுக்குக் கட்டணும். வானத்துல வர்ற விமானத்துக்கு வழி சொல்ற டவர் இவங்ககிட்டயே இருக்கு. அத குடுக்கல. காலம் முடிஞ்சா கட்டடத்தோட திருப்பிக் குடுத்துடணும்."

"அம்பது வருசம் கழிச்சு நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்" என்றார் பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரர். "அப்ப எவன் போய்க் கேப்பான்?"

ஏர்போர்ட்டார் யோசித்தார். அவர் பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஃபைல் இருக்கும்" என்றார்.

கடை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தத் தலைப்பு தவறு என்று அன்று சாயங்காலம் மணி அடித்து என்னைக் கீழே கூப்பிட்டுச் சொன்னார். தவறுதான். அலுவலகத்துக்குச் சொல்லி, இரண்டு வரித் திருத்தம் வெளியிட வைத்தேன்.

அவர் வேலை பார்த்த ஒரு விமான நிலையமும் அப்படிக் கைமாறியது. ஆணையத்தின் தரப்பில் ஒப்படைப்புப் பட்டியல் தயாரித்தவர்களில் இவரும் ஒருவர். கம்பெனி ஆட்களோடு வாரக்கணக்கில் நடந்திருக்கிறார். பயணிகள் உட்காரும் நாற்காலி, கழிவறைக் கதவு, ஓடுபாதையோரத்து விளக்கு, மரம் என்று எல்லாவற்றையும் எண்ணி, நிலை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு ஒரு கொட்டகையின் பின்னால் ஒரு மர ஏணி கிடந்தது. பத்துப் படி, நல்ல ஏணி. பட்டியலில் அது இல்லை. கம்பெனி, பட்டியலில் இல்லாததை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்றது. ஆணையமோ, அந்த வளாகத்தில் இனி எங்களுக்கு எந்தப் பொருளும் இல்லை என்றது. யாராவது எடுத்துப்போனால் திருட்டாகிவிடும் என்பதால் யாரும் தொடவில்லை.

"நான் அங்க இருந்த வரைக்கும் அங்கியேதான் சார் கெடந்தது. மழையில நனையும், வெயில்ல காயும். பக்கத்துலயே விளக்கு மாத்தறதுக்கு வேற ஏணி வாடகைக்கு எடுத்துட்டு வந்தாங்க."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் வாய்விட்டுச் சிரிப்பார். எழுதாமல் விட்டது அவர்தான்.

ஒப்படைத்த பிறகும் பழைய ஊழியர்கள் குறிப்பிட்ட காலம் அங்கேயே, கம்பெனியின் கீழ், வேலை பார்க்க வேண்டும். பிறகு கம்பெனியில் சேரலாம், அல்லது ஆணையத்துக்கே திரும்பி வேறு ஊருக்குப் போகலாம். இவர் திரும்பிப் போனார். வடக்கே ஒரு சின்ன விமான நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கிருந்துதான் ஓய்வு பெற்றார். கம்பெனியில் சம்பளம் ஜாஸ்தியாக இருந்திருக்குமே, ஏன் சேரவில்லை என்று ஒருநாள் கேட்டேன். ஒரு மழைநாளைப் பற்றிச் சொன்னார்.

ஒப்படைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விமானங்கள் ஓடுபாதைக்குப் போகும் வழியோரத்து வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறியது. அந்த வடிகால் ஒப்படைத்த பட்டியலில் இருந்தது. கம்பெனியின் ஆட்கள் வந்து சேரவில்லை. இவருக்கு அந்த வடிகாலின் ஒவ்வொரு வளைவும் தெரியும். வேறொரு வேலைக்காகத் தம்மிடம் இருந்த நான்கு ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கடப்பாரையோடு கூட்டிப்போய் அரை மணி நேரத்தில் அடைப்பை எடுத்துவிட்டார். தண்ணீர் வடிந்தது, விமானங்கள் நேரத்துக்குப் புறப்பட்டன. மறுநாள், அனுமதியில்லாத இடத்துக்குள் போனதற்காக அந்த நான்கு பேரின் நுழைவுச் சீட்டுகள் ரத்தாயின. சீட்டு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. வாசலைத் தாண்டாமல் வேலை கிடையாது.

"எனக்கு வெளக்கம் கேட்டு ஒரு லெட்டர் வந்தது. பதில் எழுதினேன். அதோட முடிஞ்சுது. நான் ஆணையத்து ஆளு, என்னைய என்ன பண்ண முடியும்? அவங்க நாலு பேரும் வீட்டுக்குப் போய்ட்டாங்க."

"நீங்க பேசிப் பாக்கலையா?"

"பேசினேன். 'வேலை தப்பில்ல, போன எடம் தப்பு'ன்னாங்க. ரூல்படி அது சரிதான் சார். மூணு பேரு பேர இப்பவும் சொல்வேன். நாலாவது ஆளு பேர நான் அப்பவே கேக்கல."

வீட்டை ஒட்டி அவருக்கு இன்னொரு மனை இருந்தது. அதில் ஒரு கூடம் கட்டி, புனேக்காரர் ஒருவருக்கு நீண்ட குத்தகைக்கு விட்டிருந்தார். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக அவர் அங்கே சிற்றுண்டிக் கடை நடத்தினார். குளிர்காலம்தான் அவருக்கு வியாபாரம், மற்ற மாதங்களில் பூட்டிக்கொண்டு போய்விடுவார். மலையிலிருந்து வரும் மழைநீர்க் கால்வாய் ஒன்று அந்த மனைக்குள் புகுந்து ஏரிக்குப் போகும். ஒப்படைப்புத் தாளில் அதையும் இவர் எழுதியிருந்தார். 'தடையின்றி ஓடும் நிலையில்.' புனேக்காரர் அல்லி வளர்க்க ஆசைப்பட்டு அந்தக் கால்வாயின் குறுக்கே ஓர் இரும்புத் தகட்டை இறக்கிக் குளம்போல ஆக்கிவைத்தார். இவர் இரண்டு முறை பதிவுத் தபாலில் கடிதம் எழுதினார். இரண்டு முறையும் செல்போனில் கும்பிடு பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

ஐப்பசியில் ஒருநாள் காலையிலிருந்து விடாத மழை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது மணி மூன்றே கால். சந்தில் முழங்கால் அளவு செந்தண்ணீர் ஓடியது. தகட்டில் முட்டிய தண்ணீர் கால்வாயை விட்டு வெளியே திரும்பிச் சந்துக்குள் இறங்கியிருந்தது. சந்தில் எல்லாவற்றையும்விடப் பள்ளத்தில் இருந்தது எதிரே இருந்த மெத்தைக்கடை பாயின் வீடு. வீடும் கடையும் ஒன்றுதான். தீபத்துக்கு வரும் கூட்டத்துக்காக ஒரு லாட்ஜ் கேட்டிருந்த இருபது பஞ்சு மெத்தைகளை அந்த வாரம்தான் தைத்து முடித்து அடுக்கி வைத்திருந்தார். தண்ணீர் அவர் வாசற்படியைத் தாண்டிவிட்டது. அவரும் மனைவியும் மெத்தைகளைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டில் ஒன்றுதான் இருந்தது.

ஏர்போர்ட்டார் இரண்டு மனைகளுக்கும் நடுவே இருந்த மார்பளவு மதிலருகே குடையோடு நின்றார். காதில் செல்போன். மதிலுக்கு அந்தப் பக்கம் கடை பூட்டிக் கிடந்தது, பத்தடியில் தகடு தெரிந்தது.

"ஏர்போர்ட்டாரே!" பாய் வாசலிலிருந்து கத்தினார். "அந்தத் தகட்டத் தூக்கி உடுங்க! தண்ணி உள்ள வந்துடுச்சு!"

"போன் போட்டுக்கினே இருக்கேன் பாய். எடுக்க மாட்டேன்றாரு."

"அவன் எடுத்தா இன்னா, எடுக்காட்டி இன்னா? எடம் உங்களுதுதானே?"

"எடம் என்னுது பாய். இப்ப பொறுப்பு அவரோடது. சொல்லாம உள்ள போவக்கூடாது."

"அப்ப என் பஞ்சு யாரு பொறுப்புங்க?"

அவர் மறுபடியும் எண்ணை அழுத்தினார்.

எத்தனை முறை கூப்பிட்டார் என்று கேட்டேன். பதினேழு என்றார். எப்போதிலிருந்து என்றேன். இரண்டரையிலிருந்து என்றார். பையை அவர் வீட்டுப் படியில் வைத்துவிட்டு மதிலில் ஏறினேன்.

"சார், வேணாம் சார். எறங்குங்க." அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "உங்க மேல வந்துடும் சார். நீங்க போவாதீங்க. எறங்குங்க!"

நான் அந்தப் பக்கம் குதித்தேன். பின்னாலேயே பாய் கடப்பாரையோடு ஏறி வந்தார். தகடு சேற்றில் இறுகியிருந்தது. பாய் அடியில் நெம்ப, நான் மேலே இழுக்க, மூன்றாவது முறை கிளம்பி வந்தது. தண்ணீர் பழைய வழியில் பாய்ந்து போயிற்று. கால் மணி நேரத்தில் சந்தில் தரை தெரிந்தது. அவ்வளவு நேரமும் ஏர்போர்ட்டார் மதிலுக்குத் தம் வீட்டுப் பக்கத்திலேயே நின்றார். குடை சாய்ந்து அவர் முழுக்க நனைந்திருந்தார். ஒரு கை மட்டும் மதிலின்மேல் இருந்தது.

இருபது மெத்தைகளில் பதினொன்று நனைந்துவிட்டன. பாய் திரும்பி வரும்போது அவருக்கு எதிரே ஒரு நிமிடம் நின்றார்.

"முக்கா மணி நேரம் கொடைய புடிச்சிக்கினு நின்னீங்க. நல்லா இருங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கீழே மணி அடித்தது. இறங்கினேன். முதல் படிக்குக் கீழே நின்று ஒரு கடிதத்தை நீட்டினார். புனேக்காரருக்கு எழுதியது. ஒழுங்கான கையெழுத்து, மூன்று பிரதிகள்.

'நேற்றுப் பிற்பகல் பெய்த கனமழையின்போது, என்னுடைய உத்தரவின் பேரில், என் வீட்டு மாடியில் குடியிருப்பவரும் எதிர்வீட்டுக்காரரும் தாங்கள் குத்தகைக்கு எடுத்துள்ள இடத்தில் நுழைந்து இரும்புத் தகட்டை அகற்றினார்கள். தங்களுக்கு முன்னறிவிப்புத் தரப்படவில்லை. இதற்கான முழுப் பொறுப்பும் என்னுடையது. அவர்கள் இருவர் மீதும் எந்தப் பொறுப்பும் இல்லை.'

இரண்டு முறை படித்தேன்.

"நீங்க சொல்லலையே சார். எறங்குன்னுதானே கத்துனீங்க?"

"ஆமா."

"அப்ப இது நடந்தது இல்லையே."

"சொல்லியிருக்கணும் சார்" என்றார். "சொல்லல. அதான் எழுதறேன்."

சாட்சி என்று போட்டிருந்த இடத்தைக் காட்டினார். மூன்று பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவர் எதிர்வீட்டுக்குப் போனார். வாசலில் பாய் மண்வெட்டியால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னா அது?"

"நேத்து நடந்ததுக்கு லெட்டர் பாய். உங்க மேல ஒன்னும் வராது. எல்லாம் என் பேர்ல எழுதிட்டேன்."

பாய் வாங்கிப் பார்த்தார். ஈரக் கையால் பிடித்ததில் தாளில் சேறு பட்டது.

"நல்லா எழுதிக்கிறீங்க. இத வச்சா பஞ்சு காயுமா?"

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்து சேற்றை வழித்தார். ஏர்போர்ட்டார் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பாய் வாங்க என்று சொல்லவில்லை. இவரும் வரலாமா என்று கேட்கவில்லை. பாயைத் தாண்டி, படி இறங்கி, வீட்டுக்குள் போனார்.

பாய் மண்வெட்டியைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார். நனைந்த மெத்தை ஒன்றின் காதுமுனையைப் பிடித்து இவர் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்த பஞ்சு மெத்தையை ஒருவரால் நகர்த்தக்கூட முடியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பாய் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"யோவ், அப்படி இழுத்தா துணி கிழிஞ்சிடும்" என்றபடி உள்ளே போனார். "உடுங்க. அடியில கை குடுங்க."

ஏர்போர்ட்டார் குனிந்து அடியில் கை கொடுத்தார்.